மூட்டத்துக்குள் எவ்வளவு காற்று?

ஆழ்வார்திருநகரியின் வயலும் வாழையும் தாமிரபரணி தந்தவை. அந்த ஆற்றுத் தண்ணீர் எட்டாத விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் பக்கம் போனால் சீமைக்கருவேலம்தான் வெள்ளாமை. 1877இல் ஜமைக்காவிலிருந்து விதையாக இந்தியாவுக்கு வந்த மரம் அது. அதை வெட்டி அடுக்கி, தழை பரப்பி, மேலே மண் பூசித் தீ வைப்பார்கள். நாள்கணக்கில் உள்ளுக்குள்ளேயே புகையும் இந்தக் கரிமூட்டத்துக்கு ராத்திரியும் ஆள் வேண்டும்.

ஆள் காப்பது காற்றை. விறகு நல்ல கரியாக 400 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு தேவை. கொஞ்சம் காற்று உள்ளே போனால்தான் விறகில் ஒரு பங்கு எரிந்து மிச்சத்தைச் சூடாக்கும். கூடுதலாகப் போனால் கரியே எரிந்து சாம்பலாகும். விறகை அடுக்கி மூடியபின் மனிதன் கையில் மிஞ்சுவது அடியில் விட்ட துளைகள் மட்டுமே.

முதல் கட்டம் சாது. விறகின் ஈரம் போகும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். வருகிற வெப்பத்தையெல்லாம் தண்ணீர் ஆவியாகித் தின்றுவிடும். வெளியே கனத்த வெள்ளைப் புகை. அமெரிக்காவில் மாட்டு நெஞ்சுக்கறியை ராத்திரி முழுக்கக் கரி அனலில், 110 டிகிரி வாக்கில் வேகவைப்பவர்களும் இதே தேக்கத்தில் மாட்டுவார்கள். கறிக்குள் சூடு 70 டிகிரியை நெருங்கியதும் மணிக்கணக்கில் அசையாது. மேற்பரப்பில் ஆவியாகும் ஈரம் கறியைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். பொறுமையிழந்து காற்றுத் துவாரத்தைத் திறந்தவருக்கு விடிந்ததும் கருகல்தான்.

மூட்டத்தில் அவசரம் இன்னும் ஆபத்து. சுமார் 280 டிகிரியைத் தாண்டியதும் மரம் சிதைந்து தானே வெப்பத்தை வெளியிடத் தொடங்கும். விறகு சுருங்கும், மேல்மண் உள்வாங்கும், விரிசல் விழும். விரிசலில் காற்று நுழைந்தால் இன்னும் சூடு, இன்னும் சுருக்கம். காவல்காரர் கண்ணயர்ந்து எழுவதற்குள் ஒரு பக்கம் சாம்பலாகியிருக்கும். ஆனி ஆடி மேல்காற்றில் கேட்கவே வேண்டாம்: காற்றின் வேகம் இரட்டித்தால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்கு.

உண்மையான சிக்கல் மண்போர்வையின் மந்தம். அது சூட்டைத் தேக்கி வைப்பதால், துளையை அடைத்தாலும் உள்ளே உடனே தணியாது. தணியவில்லையே என்று இன்னொன்றையும் அடைத்தால் தீ மடிந்து விறகு அரைவேக்காடாக நின்றுவிடும். பதறித் திறந்தால் மறுபடி எகிறும். இதே தடுமாற்றத்தைத் தவிர்க்கத்தான் கறி வேகவைக்கும் அடுப்புகளுக்கு இப்போது சிறு மின்விசிறியோடு கட்டுப்பாட்டுக் கருவிகள் வருகின்றன. அவற்றில் தேர்ந்தவை, சூடு எவ்வளவு என்பதோடு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் கணக்கிட்டே காற்றை விடும்.

மூட்டக்காரருக்கு வெப்பமானி புகைதான். வெள்ளை மஞ்சளித்து, கடைசியில் மெலிந்து நீலமாகும். நீலம் கண்டதும் எல்லாத் துளைகளையும் அடைத்து ஆறவிட வேண்டும். அரைகுறையாக ஆறியதைப் பிரித்தால் கரி மறுபடி பற்றிக்கொள்ளும். புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. அதனால் காற்று புகையைத் தள்ளும் பக்கம் உட்காராமலிருப்பது உத்தமம். இத்தனை காவலுக்குப் பிறகும் ஐந்து டன் விறகில் ஒரு டன் கரி தேறினால் அது நல்ல மூட்டம்.