கொல்லைக் குளத்து மீன்கள் ஏன் செத்தன?

எங்கள் வீட்டுக் கொல்லையில் பழைய சிமெண்ட் தொட்டி ஒன்று இருக்கிறது. 4 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி ஆழம். போன லீவில் அதில் அல்லி வைத்து 8 கப்பி மீன் விட்டேன். பத்தே நாளில் தண்ணீர் பச்சையாகி நாறியது. "மூடித் தொலைடா அதை"ன்னு அம்மா ஒரே சத்தம்.

பிளம்பர் வேலை செய்யும் மாமா வந்தார். தொட்டியின் அடியில், தாழ்வான மூலையில் குழாய் வைத்து வால்வு மாட்டினார். திறந்தால் சேறு வாழைக்குப் போய்விடும். விளிம்புக்கு 3 அங்குலம் கீழே இன்னொரு குழாய், வாயில் வலை. மழை பெய்தாலும் மீன் வழிந்து போகாது.

வடிகட்டி ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளிதான். சின்ன மோட்டார் தண்ணீரை வாளியின் அடிக்கு அனுப்பும். அது ஸ்பாஞ்ச், செங்கல் துண்டுகள் வழியாக மேலேறி மறுபடி குளத்தில் விழும். இரண்டு மாதத்தில் தண்ணீர் தெளிந்தது.

அப்புறம்தான் நான் கெடுத்தேன். செங்கலில் பழுப்பாக வழவழன்னு ஏதோ படிந்திருந்தது. அழுக்குன்னு நினைத்துக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவிட்டேன். 3 நாளில் 5 மீன் செத்து மிதந்தன.

சயின்ஸ் மிஸ்ஸிடம் கேட்டேன். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷமாம். அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் அந்த வழவழப்பில்தான் குடியிருந்தன. நைட்ரேட்டை அல்லி உரமாக எடுத்துக்கொள்ளும். குழாய்த் தண்ணீரின் குளோரினும் என் தேய்ப்பும் பாக்டீரியாக்களைக் காலி செய்துவிட்டன. திரும்ப வளர 4 முதல் 6 வாரம் ஆகும்.

இப்போது ஸ்பாஞ்சை மட்டும், குளத்துத் தண்ணீரிலேயே லேசாகப் பிழிகிறேன். செங்கலைத் தொடுவதில்லை. மீதி 3 கப்பியில் ஒன்று போன வாரம் குட்டி போட்டது. அம்மாதான் எண்ணிப் பார்த்தாங்க, 11!