படத்தில் இல்லாத பாட்டு



இரத்தினபுரி என்றதும் பலருக்கு நினைவில் எழுவது மாணிக்கக்கல். குழி தோண்டி, சேற்று மண்ணைக் கூடையிலிட்டு, நீரில் அலசிக் கல் தேடும் தொழில் அந்நகரைச் சுற்றிலும் இன்றும் நடைபெறுகின்றது. அம்மாவட்டத்தின் குன்றுகளிலோ தேயிலையும் இறப்பரும் செழித்து வளர்கின்றன. அத்தோட்டங்களில் கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ் மக்களின் இசை ஆர்வம் ஒன்றைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

தோட்டத்து இளைஞன் ஒருவனை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். மாலை வேளை, மழை சற்று ஓய்ந்திருக்கின்றது. லயத்து இஸ்தோப்பில் அமர்ந்து, கையடக்கத் தொலைபேசியில் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றான். அருகில் இருக்கும் பாட்டனார், “இது எந்தப் படத்துப் பாட்டடா?” என வினவுகின்றார். “படத்துப் பாட்டு இல்லை, தாத்தா. தனியாக எழுதிப் பாடியது” என்கிறான் பேரன். “படத்தில் இல்லாத பாட்டும் ஒரு பாட்டா?” என்று பெரியவர் சிரிக்கின்றார்.

இவ்விருவரும் என் கற்பனையில் பிறந்தவர்கள். ஆனால், பெரியவரின் வினா பல வீடுகளில் கேட்கப்படும் வினாவேயாகும். பாட்டென்றாலே திரைப்பாட்டு என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றிவிட்டது. தனிப்பாட்டை விரும்பும் இளைஞரைப் பிறநாட்டு மோகம் பிடித்தவர் என எண்ணிவிடுகிறோம். அந்த எண்ணம் சரிதானா?

திரைப்படம் பேசத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே தோட்டத்தில் பாட்டு இருந்தது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்த மக்கள் தாலாட்டையும் ஒப்பாரியையும் கும்மியையும் தம்மோடு கொண்டுவந்தனர். காமன் கூத்தும் பொன்னர் சங்கர் கதையும் தப்பின் ஒலியும் அவர்களோடு கடல் கடந்தன. ஆயினும், வந்த பாட்டு வந்தபடியே நின்றுவிடவில்லை. கங்காணியும் துரையும், பிரட்டுக்களமும் கொழுந்துக் கூடையும் பாட்டினுள் புகுந்தன. மக்கள் தம் கண்முன் கண்டதைத் தம் பேச்சிலேயே பாடினார்கள். பாடியவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. பிற்காலத்தில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் அப்பாடல்களைத் தேடித் தொகுத்தமையால், அவற்றுள் ஒரு பகுதியேனும் நமக்குக் கிடைத்தது.

பெயர் தெரிந்த பாடகியும் ஒருவர் உண்டு. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசையரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தொழிலாளர் கூட்டங்களில் தாமே பாடினார். மக்கள் அறிந்திருந்த மெட்டுகளிலேயே அவர்களது உரிமைகளைப் பற்றிப் பாட்டுக் கட்டினார். அப்பாடல்கள் 1940ஆம் ஆண்டில் நூல் வடிவம் பெற்றன. எல்லோருக்கும் தெரிந்த மெட்டு, எல்லோருக்கும் புரியும் பேச்சு, தன் காலத்துச் செய்தி ஆகிய மூன்றும் சேர்ந்ததைத்தானே இன்று ‘பொப்’ பாட்டு என்கிறோம்?

இனி, பாட்டனாரின் இளமைக் காலத்துக்கு வருவோம். கொழும்பில் 1925ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கிய ஒலிபரப்பு, பின்னர் இலங்கை வானொலியாக வளர்ந்தது. 1950ஆம் ஆண்டில் அதன் வர்த்தக சேவை தொடங்கியது. தமிழ்நாட்டிலும் அதற்குத் திரளான நேயர்கள் இருந்தனர் என்பதை மூத்தோர் அறிவர். அவ்வொலிபரப்பில் திரைப்பாட்டே பேரிடம் பெற்றது. ஆயினும், 1960களின் பிற்பகுதியில் இந்நாட்டு இளைஞர் சிலர் கிற்றாரைக் கையில் எடுத்துத் தமிழில் புதுவகைப் பாட்டுகளைப் பாடலாயினர். துள்ளிசை என்றும் பொப்பிசை என்றும் அது பெயர் பெற்றது. நித்தி கனகரத்தினம் அவர்களின் ‘சின்ன மாமியே’ பட்டிதொட்டியெங்கும் பரவியது. ஏ. ஈ. மனோகரன் அவர்களைப் பொப்பிசைச் சக்கரவர்த்தி என்றே இரசிகர்கள் அழைத்தனர். சிங்களமும் தமிழும் கலந்து அவர் பாடிய ‘சுராங்கனி’ கடல் கடந்தும் புகழ் பெற்றது. 1977ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் தமிழ்நாட்டுத் திரைப்படத்தில் அப்பாட்டு இளையராஜாவின் இசையில் இடம்பெற்றது. படத்திலிருந்து பாட்டை எடுத்துக் கேட்டே பழகிய நாட்டிலிருந்து, பாட்டொன்றைப் படம் எடுத்துக்கொண்டது!

இப்பாட்டுகள் அத்துணை விரைவில் மக்கள் மனத்தைக் கவர்ந்தது எவ்வாறு? காரணம் தாளத்தில் இருக்கின்றது. இவற்றுள் பல, பைலா என்னும் நடையைத் தழுவியவை. போர்த்துக்கேயரும், அவர்கள் காலத்தில் இங்கு கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களும் விட்டுச்சென்ற ஆடலிசையிலிருந்து பிறந்தது பைலா. 1940களில் அதனைச் சிங்கள மக்களிடையே பரப்பியவர் வொலி பஸ்தியன் என்னும் பொலிஸ் உத்தியோகத்தர். அதன் தாளம் ஆறு எண்ணிக்கை கொண்டது. மும்மூன்றாக இரண்டு கூறுகளாய்த் துள்ளிச் செல்வது. நம் கும்மிப் பாட்டும் மும்மூன்றாய் நடக்கும் திசிர நடையைச் சேர்ந்ததே. தப்பிலும் அந்நடையை நாம் கேட்டிருக்கின்றோம். ஆகவே, பைலாவைக் கேட்ட தோட்டத்துச் செவிக்கு அது அந்நியமாகப் படவில்லை. கால் தானாகவே தாளமிட்டது.

சப்ரகமுவவில் இதற்குத் தனிச்சிறப்பு உண்டு. இங்கே தோட்டங்களைச் சூழ்ந்திருப்பவை சிங்களக் கிராமங்கள். கடைத்தெருவிலும் பேருந்திலும் இரு மொழிகளும் அன்றாடம் சந்திக்கின்றன. இரு மொழியிலும் அமைந்த பாட்டு இங்கே வெறும் வேடிக்கையன்று. அன்றாடப் பேச்சின் எதிரொலி.

ஆயினும், ஓர் உண்மையை மறைத்தலாகாது. 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டனர், பலர் வீடிழந்தனர். இரண்டாண்டு கழித்து, 1983ஆம் ஆண்டு ஜூலையில் நாடெங்கும் மீண்டும் அக்கொடுமை நிகழ்ந்தது. இரு மொழிப் பாட்டு அவ்வன்முறையைத் தடுத்துவிடவில்லை. பாட்டினால் இயலாததைப் பாட்டின்மேல் ஏற்றிப் புகழ்வது பொய்யாகும். எனினும், அத்தனைக்கும் பிறகும் அப்பாட்டை இரு மொழியினரும் கைதட்டிப் பாடுகின்றனர். ஒருவர் மொழியை மற்றவர் நாவில் ஏற்றிவைக்கப் பாட்டினால் இயலும். அந்த அளவே அதற்குரிய பெருமை; அது சிறிய பெருமையன்று.

இப்பொழுது பேரன் கேட்கும் பாட்டுக்குத் திரும்புவோம். அது 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ என்று கொள்வோம். தீ, அறிவு ஆகிய இருவரும் பாடியது. சந்தோஷ் நாராயணன் இசையில் உருவானது. எந்தத் திரைப்படத்தையும் சேராதது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் அதனைக் கேட்டனர். அப்பாட்டின் பின்னே இருப்பது நமக்கு நெருங்கிய கதை. தம் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின்னர் தமிழ்நாடு திரும்பியவர் என அறிவு கூறியுள்ளார். 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்லவும் 3,00,000 பேர் இந்நாட்டுக் குடியுரிமை பெறவும் வகைசெய்தது. அவ்வாறு ஊர் பெயர்ந்த குடும்பங்கள் எத்தனையோ! மண்ணைப் பண்படுத்தியவர்க்கு மண் சொந்தமில்லாமற்போன அத்துயரமே அப்பாட்டின் உயிர். அதில் ஒப்பாரியின் சாயலும் உண்டு. ஆடத் தூண்டும் தாளமும் உண்டு.

அப்பாட்டுக்கு உரியவர் யார், அதன் புகழும் வருவாயும் யாரைச் சேரவேண்டும் என்னும் வினாக்கள் பின்னர் பொதுவெளியில் எழுந்தன. தோட்டப் பாட்டின் வரலாற்றை அறிந்தவர்க்கு இவ்வினா புதியதன்று. கொழுந்து மலையில் பாடிய பெண்ணின் பெயரைக் கேட்டு எழுதி வைத்தவர் எத்தனை பேர்?

ஆகவே, தனிப்பாட்டை விரும்பும் இளைஞனைக் கடிந்துகொள்ள நியாயமில்லை. அவன் புதிய வழியிற் செல்வதாக எண்ணுகின்றான். உண்மையில் தன் வீட்டுப் பழைய வழிக்கே வந்து சேர்ந்திருக்கின்றான். அவனுக்கு ஒரு விண்ணப்பம் மட்டும் உண்டு. பாட்டைக் கேட்கும் அதே கருவியில் குரலைப் பதிவு செய்யவும் இயலுமன்றோ? வீட்டிலுள்ள பாட்டியை ஒரு தாலாட்டோ கும்மியோ பாடச் சொல்லிப் பதிவு செய்க. பாடியவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் நாளையும் மறவாது சேர்த்து வைக்க. சேற்றில் கிடக்கும் மாணிக்கத்தை அலசி எடுக்கும் ஊருக்கு இவ்வேலை கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

இஸ்தோப்பில் இருக்கும் பாட்டனாரையும் விட்டுவிட வேண்டாம். ‘சுராங்கனி’யை முதலில் எங்கே கேட்டீர்கள் என்று அவரை வினவிப் பாருங்கள். படத்தில் இல்லாத பாட்டும் ஒரு பாட்டா என்று கேட்டவர், பாடியே விடை சொல்லக்கூடும்.