எரிக்கப்பட்ட குறிப்பேடும் ரிப்ளியின் நினைவுப் பலகையும்



நம் மக்களின் வரலாற்றைப் பேசும்போதெல்லாம் “ஆவணம் எங்கே?” என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை தேட அமெரிக்காவில், ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் ரிப்ளி என்ற சிற்றூருக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். அந்த வரலாறு நமக்கு அந்நியமானதல்ல. ஜோதிராவ் புலே 1873இல் தமது ‘குலாம்கிரி’ நூலை, கருப்பின மக்களின் அடிமைத்தளையை அறுக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கே காணிக்கையாக்கினார்.

ஒஹையோ ஆறு ஓர் எல்லைக்கோடு. அதன் தென்கரையான கென்டக்கியில் மனிதரை விற்கவும் வாங்கவும் சட்டம் இடம் கொடுத்தது. வடகரையில் அடிமைமுறையை 1787ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தது. அதற்காக வடகரை சமத்துவபுரமாக இருந்துவிடவில்லை. அங்கே குடியேற வந்த கருப்பினத்தவர் விடுதலைச் சான்று காட்ட வேண்டும் என்றது ஒஹையோவின் 1804ஆம் ஆண்டுச் சட்டம். 500 டாலருக்குப் பிணையும் வேண்டும் என்றது 1807ஆம் ஆண்டுச் சட்டம். 1850இல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டமோ, அவர்களுக்கு உதவியவருக்கு 1,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதித்தது.

ரிப்ளியில் இரண்டு வீடுகள் இன்று தேசிய வரலாற்றுச் சின்னங்கள். குன்றின் மேல் இருப்பது வெள்ளையரான பாதிரியார் ஜான் ரான்கின் வீடு. அதன் விளக்கு வெளிச்சம் கென்டக்கி கரைக்குத் தெரியும் என்பார்கள். 1838இல் ஒரு தாய் கைக்குழந்தையோடு, உறைந்த ஆற்றின் பனிப்பாளங்கள் மீது கடந்து வந்து இங்கே அடைக்கலம் பெற்றார். ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலின் எலைசா பாத்திரத்துக்கு அவரே முன்மாதிரி என்று சொல்லப்படுகிறது. நாவல் கொடுத்த பெயர் உலகெங்கும் பரவியது; அந்தத் தாயின் சொந்தப் பெயர் பரவவில்லை.

குன்றின் கீழே, ஆற்றை ஒட்டி இருப்பது ஜான் பி. பார்க்கர் வீடு. 1827இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த அவரை எட்டு வயதில் தாயிடமிருந்து பிரித்து விற்றார்கள். மொபீல் நகரில் இரும்பு வார்ப்புத் தொழில் கற்று, 1845இல் 1,800 டாலர் கொடுத்துத் தன்னைத்தானே மீட்டுக்கொண்டார். ரிப்ளியில் வார்ப்படச் சாலை நடத்தினார். புகையிலை அழுத்தும் இயந்திரத்துக்குக் காப்புரிமையும் பெற்றார். பகலில் உலை, இரவில் படகு. கென்டக்கி கரைக்கே போய் நூற்றுக்கணக்கானவர்களை அழைத்து வந்தார். பிடிபட்டால் பாதிரியாருக்கு அபராதமும் சிறையும். பார்க்கருக்கோ மீண்டும் சங்கிலி, அல்லது சாவு.

ரான்கின் வீட்டை மாநில அரசு 1938இலேயே வாங்கிப் பாதுகாத்தது. பார்க்கர் வீடோ 1990கள் வரை காத்திருந்தது. ஏன் இந்தத் தாமதம்?

தாம் கரையேற்றியவர்களின் விவரங்களைப் பார்க்கர் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தார். 1850 சட்டத்துக்குப் பின், அதைத் தமது வார்ப்பட உலையிலேயே போட்டு எரித்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். அது சிக்கியிருந்தால் எத்தனை பேர் சிக்கியிருப்பார்கள்! ஒடுக்கப்பட்டவர்களிடம் ஆவணம் இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். உயிரைக் காக்க, எழுதியதை அழிக்க வேண்டியிருந்தது.

ஆனாலும் ஒரு வழி மிஞ்சியது. 1880களில் ஒரு பத்திரிகையாளரிடம் பார்க்கர் தம் கதையைச் சொன்னார். 1900இல் அவர் காலமானார். அந்தக் கையெழுத்துப்படி டியூக் பல்கலைக்கழகக் காப்பகத்தில் நெடுங்காலம் கிடந்து, 1996இல்தான் நூலாக வந்தது. அதே ஆண்டில் அவர் பெயரில் ஒரு வரலாற்றுக் கழகம் உருவாகி, வீட்டை மீட்கும் வேலையைத் தொடங்கியது. 1997இல் வீடு தேசியச் சின்னமானது. அந்த ஆண்டில்தான் ரான்கின் வீட்டுக்கும் அந்தத் தகுதி கிடைத்தது.

ஆகவே மாணவர்களே, நம் சேரிகளில் உள்ள முதியவர்களிடம் இப்போதே போங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே, ஆளும் இடமும் காலமும் விடாமல் எழுதுங்கள். எந்தப் பெயர் வெளிவந்தால் யாருக்கு ஆபத்து என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். படியை இரண்டு இடங்களில் வையுங்கள். பலகை பிறகு வரும். வாக்குமூலம் முதலில் வேண்டும்.