சிறை வைத்தவன் எழுதிய சீட்டு

நேதாஜி படையில் இருந்தேன் என்று சொன்னால் மட்டும் மத்திய அரசின் தியாகி பென்ஷன் கிடைத்துவிடாது. பிடித்து அடைத்தார்களா, எங்கே, எத்தனை மாதம் என்பதற்குக் காகிதம் வேண்டும். அதாவது, எதிரி எழுதி வைத்திருக்க வேண்டும்!

பழைய தஞ்சாவூர் ஜில்லாவுக்கு இது ஊர்ச் சங்கதி. நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' போன்ற கப்பல்களில் ஏறி மலேயா போனவர்கள் ஏராளம். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபின், ரப்பர் தோட்டத் தமிழர் பலர் பால்வெட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்தார்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து மாறிவந்த சிப்பாய்க்குப் பழைய பதிவேடாவது உண்டு. தோட்டத்து ஆளுக்கு அதுவும் கிடையாது.

1972 ஆகஸ்ட் 15-இல் தொடங்கிய இந்தத் தியாகி பென்ஷன் திட்டத்தில் வருமான வரம்பு இருந்தது. 1980-இல் அதை எடுத்தார்கள். குறைந்தது ஆறு மாதச் சிறை, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மூன்று மாதம் என்பது விதி. ஐ.என்.ஏ.காரர் வெளிநாட்டில் காவலில் இருந்ததும் கணக்கில் சேரும்.

சேரும், சரி. சான்று? 1945 ஏப்ரல் 24-இல் போஸ் பர்மாவின் ரங்கூனைவிட்டுக் கிளம்பினார். ஊரின் அமைதியைக் காக்க, தமிழரான மேஜர் ஜெனரல் லோகநாதனின் கீழ் சில ஆயிரம் பேர் தங்கி, மே மாதத் தொடக்கத்தில் பிரிட்டிஷாரிடம் சரணடைந்தார்கள். அந்தக் காவல் பட்டியலைக் கும்பகோணத்துக்காரர் எந்த ஆபீஸில் போய்க் கேட்பார்?

இதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். பதிவேடு இல்லை என்று மாநில அரசு எழுதித் தரவேண்டும்; பிறகு உடனிருந்த கைதி சாட்சி சொல்லலாம். அவரோ தம் சிறைவாசத்தை முதலில் நிரூபித்தவராக இருக்கவேண்டும். கூடப் படுத்திருந்தவர் மலேயாவின் ஈப்போவிலேயே தங்கிவிட்டால் என்ன செய்வது? கிடைத்த காகிதத்தில் 'கோவிந்தசாமி', மனுவில் 'கோவிந்தசுவாமி' என்றிருந்தால் அது வேறொரு தலைவலி.

பிலிப்பைன்ஸ்காரர்களுக்கும் இதே பாடுதான். அமெரிக்கக் கொடியின்கீழ் ஜப்பானோடு போரிட்டவர்களுக்கு 2009-இல் இழப்பீடு அறிவித்தார்கள்: அமெரிக்கக் குடியுரிமை பெற்றவருக்கு 15,000 டாலர், மற்றவருக்கு 9,000. அமெரிக்க ராணுவ ஆவணத்தில் பெயர் இல்லாத கெரில்லாக்களின் மனுக்கள் திரும்பின.

இங்கே, தியாகி பென்ஷன் வழக்கில் குற்ற வழக்கைப்போல ஐயமற நிரூபிக்கச் சொல்லக்கூடாது, நடந்திருக்க வாய்ப்புண்டா என்று பார்த்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் குர்தயாள் சிங் வழக்கில் சொன்னது. ஆண்டு 2001. ரங்கூனில் சரணடைந்தபோது இருபது வயதாயிருந்தவருக்கு அப்போது எழுபத்தாறு.