கொன்றவன் கையில் கட்டிய கயிறு

மாலைதோறும் நம் இல்லங்களில் செபமாலை ஒலிக்கிறது. ஒவ்வொரு தேவ இரகசியத்தின் தொடக்கத்திலும் ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சொல்லுகிறோம். பிறரை நாம் பொறுப்பதையே அளவுகோலாக வைத்து, நம்மையும் பொறுத்தருளுமாறு ஒரு மாலைக்குள் ஐந்து முறை இறைவனை வேண்டிவிடுகிறோம். ஆயினும், பாகம் பிரித்த நிலத்தின் ஒரு முழ வரப்புக்காகப் பல்லாண்டுகள் முகம் பாராத அண்ணன் தம்பியர் நம் பங்குகளில் இல்லையா? ஒரே கோயிலில் ஆளுக்கொரு பக்கம் முழந்தாளிட்டு, அதே செபத்தைச் சொல்லிவிட்டு, வெவ்வேறு வாசல் வழியே வெளியேறுவோர் இல்லையா? நம் உள்ளத்தைக் கேட்டால், அது நம்மையே சுட்டிக்காட்டவும் கூடும்.

மன்னிப்பது மனித வலிமைக்கு எளிதன்று. அது அருளின் செயல். இவ்வுண்மைக்கு நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஒரு சான்றைச் சிந்திப்போம்.

கேரளத்தின் புல்லுவழி என்னும் ஊரில் 1954 ஆம் ஆண்டு பிறந்தவர் அருட்சகோதரி இராணி மரியா. பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையைச் சேர்ந்த இவர், 1992 இல் மத்தியப் பிரதேசத்து உதய்நகருக்குச் சென்றார். வட்டிக் கடனில் மூழ்கிக் கிடந்த ஏழை உழவர்களுக்கும் ஆதிவாசி மக்களுக்கும் சேமிக்கவும், உரிமைகளை அறிந்து கேட்கவும் கற்றுக்கொடுத்தார். அதனால் வருவாய் இழந்தோர் பகை கொண்டனர். 1995 பிப்ரவரி 25 ஆம் நாள், இந்தோர் நோக்கிச் சென்ற பேருந்தில், தூண்டிவிடப்பட்ட சமுந்தர் சிங் என்னும் இளைஞன் அவரைக் கத்தியால் பலமுறை குத்தினான். இயேசுவின் திருப்பெயரை உச்சரித்தவாறே அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 41.

கொலையாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மனைவி அவனை விட்டு அகன்றாள், மகனும் இறந்தான். தன்னைத் தூண்டிவிட்டவனைப் பழிவாங்குவதே அவனுடைய ஒரே எண்ணமாயிற்று. அந்நிலையில் குருவானவர் ஒருவர் சிறைக்குச் சென்று அவனோடு பேசத் தொடங்கினார். இறுகிய உள்ளம் சிறிது சிறிதாக இளகியது.

2002 ஆம் ஆண்டு இரட்சா பந்தன் காலத்தில், இராணி மரியாவின் உடன்பிறந்த தங்கையும் அதே சபையின் துறவியுமான அருட்சகோதரி செல்மி பவுல் சிறைக்குச் சென்றார். வடநாட்டில் உடன்பிறந்தானுக்குக் கட்டும் இராக்கிக் கயிற்றைத் தம் அக்காளைக் கொன்றவன் கையில் கட்டி, அவனைச் சகோதரனாக ஏற்றுக்கொண்டார். பின்னர், தாய் எலிஸ்வாவும் அவனைச் சந்தித்து, தம் மகளின் இரத்தம் படிந்த கைகள் என்று சொல்லி, அக்கைகளை முத்தமிட்டார். குடும்பத்தினரும் திருச்சபையும் பரிந்து பேசியதால் 2006 இல் அவர் விடுதலை பெற்றார். அடுத்த ஆண்டு புல்லுவழிக்கே சென்று அப்பெற்றோரைக் கண்டார். 2017 நவம்பர் 4 ஆம் நாள் இந்தோரில் இராணி மரியாவுக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கப்பட்டபோது, அத்திருச்சடங்கில் அவரும் இருந்தார்.

இங்கே நாம் மூன்று காரியங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, அருள் முந்திக்கொள்கிறது. மனிதன் மனந்திரும்பும் தொடக்கமே, அவனுடைய தகுதி எதுவுமின்றி இறைவன் அளிக்கும் அருளால் உண்டாகிறது என்றும், மனிதன் அதற்குச் சுதந்திரமாய் இசைய வேண்டும் என்றும் 1547 இல் திரெந்து பொதுச்சங்கம் கற்பித்தது. ஊதாரி மகன் தொலைவில் வரும்போதே தந்தை ஓடிச் சென்று தழுவிக்கொண்டார் அல்லவா? சிறைக் கதவைத் தேடிச் சென்ற கால்கள் அத்தந்தையின் கால்களே.

இரண்டாவது, மன்னிப்பு என்பது தீமையை நன்மை என்று சொல்லுவதன்று. நீதிமன்றம் தன் கடமையைச் செய்தது; கொலை கொலையாகவே கருதப்பட்டது. குற்றத்தை மறைக்காமல், குற்றவாளியைச் சகோதரன் என்று அழைப்பதே கிறிஸ்தவ மன்னிப்பு. ஆகவே, கொடுமைக்கு ஆளானவரிடம், மன்னித்துவிட்டு வாய் திறவாதிரு என்று சொல்லுவது நற்செய்தி ஆகாது.

மூன்றாவது, அருளுக்குக் காலம் பிடிக்கிறது. கொலைக்கும் இராக்கிக்கும் இடையே ஏழு ஆண்டுகள் கழிந்தன. இன்று நம்மால் மன்னிக்க இயலவில்லையெனில் மனந்தளர வேண்டாம். மன்னிக்கும் மனத்தைத் தாரும் என்று கேட்பதே முதற்படி. அப்படிக் கேட்கத் தூண்டுவதும் அருளே.

பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன் நாம் முழந்தாளிடும்போது, நம் கடன் முழுவதும் தள்ளுபடியாகிறது. அங்கிருந்து எழுந்து வீடு திரும்பும் வழியில், நமக்குச் சிறு கடன்பட்டவனின் வீட்டு வாசல் இருக்கிறது. தலையைத் திருப்பிக்கொண்டு கடந்துபோவோமா?

மகளின் இரத்தம் படிந்த கைகளை முத்தமிட ஒரு தாய்க்கு அருள் கிடைத்தது. நம்மிடம் கேட்கப்படுவதோ மிகச் சிறியது: வரப்புக்கு அப்பால் நிற்கும் அண்ணனை, இன்று மாலை செபமாலைக்கு முன்னே, "அண்ணே" என்று ஒருமுறை அழைப்பது. அழைப்போமா?