'சொறிநாய்'னு முத்திரை குத்தறதுக்கு முன்னாடி...

சின்ன காஞ்சிபுரத்துல தறி வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கற தெருவுல ஒரு நாய் விடாம சொறிஞ்சா போதும், மறுநாளே அதுக்கு 'சொறிநாய்'னு பேர் வந்துடும். "குழந்தைங்க இருக்கற இடம், எங்கேயாவது விட்டுட்டு வந்துடுங்க"ன்னு பேச்சும் ஆரம்பிச்சுடும். ஆனா அரிப்புக்குக் காரணம் ஒட்டுண்ணியா இருக்கலாம், பூஞ்சையா இருக்கலாம், அலர்ஜியாவும் இருக்கலாம். அலர்ஜின்னா அது யாருக்கும் தொத்தாது. எது காரணம்னு பிரிச்சுப் பார்க்கத்தான் லேப் டெஸ்ட்.

முதல்ல மைக்ராஸ்கோப்: பிளேடால தோலை லேசா சுரண்டி, ஸ்லைடுல வெச்சு சொறிப்பூச்சி இருக்கான்னு பார்ப்பாங்க. செல்லோடேப்பைத் தோல்ல ஒட்டி எடுத்து, சாயம் போட்டுப் பார்த்தா மலசீசியாங்கற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தெரியும். செலவு குறைவான டெஸ்ட்தான். ஆனா ஒண்ணு, சுரண்டல்ல பூச்சி சிக்கலைன்னா பூச்சியே இல்லைன்னு அர்த்தம் இல்லை. அதனால டாக்டர் சில சமயம் பூச்சி மருந்து கொடுத்தும் பார்ப்பார். தெள்ளுப்பூச்சிக்கும் இதே கதைதான்.

ரத்தப் பரிசோதனை: அலர்ஜியில முக்கியமான ஆன்டிபாடி ஐஜிஇ. மனுஷங்ககிட்ட இதை 1966-ல அடையாளம் காட்டினது ஜப்பானைச் சேர்ந்த இஷிசாகா தம்பதி. எலைசா முறையில தூசிப்பூச்சி, மகரந்தம் மாதிரி ஒவ்வொரு பொருளையும் தனித்தனிக் குழியில ஒட்டி வெச்சு, நாயோட சீரத்தை ஊத்துவாங்க. அந்தப் பொருளுக்கான ஐஜிஇ இருந்தா அது போய் ஒட்டிக்கும், நிறம் மாறும். நிறத்தோட அடர்த்திதான் ரிப்போர்ட்ல நம்பரா வருது.

தோல் ஊசி: விலாப்பக்கம் முடியை மழிச்சு, ஒவ்வொரு பொருளையும் சொட்டளவு தோலுக்குள்ள போட்டு, 15-20 நிமிஷத்துல தடிப்பு வருதான்னு பார்ப்பாங்க. கூடவே ஹிஸ்டமினும் (தடிக்கணும்) சலைனும் (தடிக்கக் கூடாது) போடுவாங்க. நம்ம லேப்ல சென்சாரைக் கேலிபரேட் பண்ற மாதிரிதான் இது. ஸ்டீராய்டு சாப்பிட்டுட்டு இருக்கற நாய்க்கு இந்த டெஸ்ட் தப்பான ரிசல்ட் தரலாம்.

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. ஒரு அரிப்பும் இல்லாத நாய்க்குக்கூட இந்த ரெண்டு டெஸ்ட்லயும் பாசிட்டிவ் வரும். உடம்பு ஒரு பொருளை அடையாளம் வெச்சிருக்குன்னு மட்டும்தான் டெஸ்ட் சொல்லும், அரிப்புக்கு அதுதான் காரணம்னு சொல்லாது. ஒட்டுண்ணி, கிருமி, உணவு எல்லாத்தையும் ஒதுக்கின பிறகு, அலர்ஜி ஊசி சிகிச்சையில எந்தெந்தப் பொருளைச் சேர்க்கறதுன்னு முடிவு பண்ணத்தான் இந்த ரிப்போர்ட் உதவும்.

உணவு அலர்ஜிக்கு ரத்த டெஸ்ட்டை நம்ப முடியாது. இதுவரை சாப்பிடாத புரதத்தை மட்டும் சுமார் 8 வாரம் கொடுத்து, அரிப்பு குறைஞ்சா பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பார்க்கணும். நடுவுல பாட்டி அன்பா ஒரு பிஸ்கட் போட்டாலும் கணக்கு தப்பிடும்!

அதனால எடுத்ததுமே ஆயிரக்கணக்குல செலவழிச்சு 'அலர்ஜி பேனல்' எடுக்காதீங்க. முதல்ல பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க. தீரலைன்னா, 1903-ல இருந்து இயங்கற வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. தெருவுல விடறதுக்கு முன்னாடி ஒரு ஸ்லைடாவது பார்த்துடுங்க.