இனிப்புச் சோளத்தினிடையே அவரையினக் காய்கறிப் பயிர்கள்

வரண்ட வலயத்து மேட்டுநிலக் கமக்காரருக்குப் பெரும்போக மழையே முதல். அம்மழையை நம்பி ஒரு பயிரை மட்டும் விதைப்பவர், அதன் விலை வீழ்ந்தால் போகம் முழுவதன் பயனையும் இழக்க நேரும். இனிப்புச் சோளத்தில் இவ்விடர் பெரிது. பாற்பருவத்தில் முறிக்கப்படும் இதன் கதிரைச் சேமித்து வைத்து, விலை உயரும்வரை காத்திருத்தல் இயலாது. முறித்தது முதல் மணியிலுள்ள வெல்லம் மாப்பொருளாக மாறத் தொடங்கும். ஆகவே சோள வரிசைகளுக்கிடையே கௌபி, செடிப் பயற்றை என்பவற்றுள் ஒன்றையும், மலைநாட்டிலாயின் செடிப் போஞ்சியையும் ஊடுபயிராக நடுதல் நன்று.

இம்முறையின் நயம்

சோளம் இளம்பருவத்தில் மெதுவாகவே வளரும். முதல் நான்கு கிழமைகளும் வரிசைகளுக்கிடையேயுள்ள நிலம் வெறுமையாகக் கிடந்து களைக்கு இடமாகின்றது. அவரையினம் அந்நிலத்தை மூடிக் களையை அடக்கும். மழையினால் மண் அரிபடுதலையும் குறைக்கும். விதைத்து ஏறக்குறைய 50 நாட்களிற் காய் பறிக்கத் தொடங்கலாம். சோளக் கதிர் முறிக்க 70 நாட்களுக்கு மேலாகும். எனவே கதிர் விற்குமுன்னரே சிறிது பணம் கையிற் சேரும்.

ஒரு தவறான எண்ணம்

அவரையினம் சோளத்துக்கு நைதரசன் ஊட்டும் எனக் கருதி, சோளத்துக்குரிய யூறியாவைக் குறைப்போர் உளர். இது தவறு. அவரையின் வேர்க்கணுக்களில் வாழும் பற்றீரியங்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பெற்று அச்செடிக்கே அளிக்கின்றன. செடி உயிருடன் நிற்கும்வரை அயலிலுள்ள சோளத்துக்குச் சேர்வது சிறிதே. காய் பறித்து முடிந்தபின் செடிகளை மண்ணிற் புரட்டிவிட்டால், அவை உக்கி அடுத்த பயிருக்கு உதவும். பசளை அரிதாகிய 2021 ஆம் ஆண்டை நினைவில் வைத்திருக்கும் கமக்காரர், அச்செடிகளை எரிக்க மனங்கொள்ளார்.

நடுகை முறை

தனிச் சோளத்தை 60 சென்ரிமீற்றர் இடைவெளியுள்ள வரிசைகளில் நடுதல் வழக்கம். ஊடுபயிருக்கு வரிசைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, இணைக்குள் 45 சென்ரிமீற்றரும், இணைகளுக்கிடையே 75 சென்ரிமீற்றரும் விடுக. இதனால் சோளச் செடிகளின் தொகை குறையாது. அகன்ற இடைவெளியின் நடுவில் அவரையினத்தை ஒரு வரிசையாக ஊன்றுக. இரண்டையும் ஒரே நாளில் விதைத்தல் சிறந்தது. அவரை பிந்தினால் சோளத்தின் நிழலிற் குன்றிவிடும். கொடியினத்தைத் தவிர்க்க, அது சோளத்தண்டைச் சுற்றிச் சாய்த்துவிடும். மேற்கட்டுப் பசளையைச் சோள வரிசையின் அருகில் மட்டும் இடுக. நைதரசன் மிகின் அவரையின் வேர்க்கணுக்கள் நன்கு தொழிற்படா.

அயலில் தானியச் சோளம் உளதாயின், இரண்டும் ஒரே காலத்திற் பூவாதவாறு மூன்று கிழமை முந்தியோ பிந்தியோ விதைக்க. அதன் மகரந்தம் கலப்பின் கதிரின் இனிமை குன்றும்.

கவனிக்க வேண்டியவை

2018 ஆம் ஆண்டு முதல் இலங்கையிற் பரவிய படைப்புழு சோளத்தின் குருத்தைத் தின்னும். கிழமைக்கு இருமுறை குருத்துக்களைப் பார்த்து, முட்டைக் கூட்டங்களையும் இளம் புழுக்களையும் நசுக்குக. இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை பறித்துண்ணப்படும் காய் அருகில் நிற்பதால், நஞ்சு தெளித்தல் இங்கு எளிய காரியமன்று. தெளிக்க நேர்ந்தால், சுட்டுத்துண்டிற் குறித்த நாட்கள் கழியுமுன் ஒரு காயையேனும் பறித்தல் ஆகாது. காய் பறிக்க வீட்டில் ஆளில்லாதவர் இம்முறையை மேற்கொள்ளாமை நலம். பிந்திய காய் முற்றி விலைபோகாது.

இலாபத்தைக் கணித்தல்

தனிச் சோளம் தரும் விளைவில் பத்தில் ஒன்பது பங்கையும், தனி அவரை தரும் விளைவில் பத்தில் நான்கு பங்கையும் ஓர் ஏக்கர் கலப்பு நிலம் தருமாயின், அவற்றைத் தனித்தனியே பெற 1.3 ஏக்கர் வேண்டும். இரண்டின் கூட்டுத்தொகை பத்துப் பங்கிற்குக் குறையின் முயற்சி வீண். ஆகையால் முதற் போகத்திற் கால் ஏக்கரில் மட்டும் செய்து, அதனருகே சிறு பாத்திகளில் தனிச் சோளத்தையும் தனி அவரையையும் வைத்து, விதை, கூலி, விற்பனை யாவற்றையும் கொப்பியில் எழுதி ஒப்பிடுக. மண்ணுக்கேற்ற இனத்தையும் பசளையளவையும் உமது பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து கொள்க.